எளிதில் எடை கூடும் குதிரைக்கு ஆற்றல் குறைந்த புல் தீவனம்: தேர்வும் அளவும்

குதிரை பருத்துவிட்டது என்று தெரிந்ததும், அதன் முன்னால் போடும் புல்லைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்பதுதான் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும். அந்த வழி குதிரையின் உடலமைப்புக்கு ஒவ்வாதது. குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவும் பகலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் சுரக்கிறது. நீண்ட நேரம் வெறும் வாயோடு நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வரலாம். மரக்கட்டையைக் கடிப்பது, மண்ணையும் சாணத்தையும் தின்பது போன்ற பழக்கங்களும் பிடித்துக்கொள்ளலாம். மட்டக்குதிரைகள், மிகச்சிறிய இனக் குதிரைகள், கழுதைகள் ஆகியவற்றைத் திடீரெனப் பட்டினி போட்டால், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி, உயிருக்கே ஆபத்தான இரத்தக் கொழுப்பு மிகை நோய் உண்டாகலாம். எனவே வயிற்றுக்குள் போகும் நாரின் அளவை ஓர் எல்லைக்குக் கீழே விடாமல், ஒவ்வொரு கிலோவிலும் இருக்கும் ஆற்றலைக் குறைப்பதே இங்கே செய்ய வேண்டிய வேலை.

முதலில் குதிரையை அளவிடுதல்

தீவனத்தை மாற்றுவதற்கு முன் குதிரையைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். உடல்நிலையை மதிப்பிட உலகெங்கும் பயன்படுவது 1983-இல் ஹென்னெகியும் அவரது குழுவினரும் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான அளவுகோலாகும். அதில் 5 என்பது நடுநிலை: விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலால் இலேசாகத் தடவினாலே தட்டுப்படும். 7-இலும் அதற்கு மேலும் விலாவைத் தேடி அழுத்த வேண்டியிருக்கும். வாலடியிலும் தோள்பட்டையின் பின்னும் கொழுப்பு மெத்தென்று படிந்திருக்கும். கழுத்தின் மேல்விளிம்பில் கொழுப்பு திரண்டு, கெட்டியாகி, ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தால் அதைத் தனிக் கவனத்துடன் பார்க்க வேண்டும். உடல் மொத்தமாகப் பருக்காத குதிரையிலும் இந்த அடையாளம் இன்சுலின் சீர்கேட்டை, அதாவது இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி உயரும் நிலையை, காட்டக்கூடும். அந்தச் சீர்கேடு குளம்பின் உள்திசு அழன்று வலிக்கும் குளம்பழற்சிக்கு இட்டுச் செல்லும். இவ்வாறு இருந்தாலோ, முன்பு ஒருமுறை குளம்பழற்சி வந்திருந்தாலோ, குதிரைக்கு வயது பதினைந்தைத் தாண்டியிருந்தாலோ, தீவனத்தை மாற்றுவதற்கு முன்பே கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சினைக் குதிரைக்கும், பால் கொடுக்கும் குதிரைக்கும், வளரும் குட்டிக்கும் இங்கே சொல்லப்படும் அளவுகள் பொருந்தா.

எடைமேடை கிடைக்காத இடத்தில் ஓர் அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றிவரும் அளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடையின் கடைசி முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை உடல் நீளத்தால் பெருக்கி, வரும் தொகையை 11,880-ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோகிராமில் கிடைக்கும். மார்புச் சுற்றளவு 180, நீளம் 165 என்றால் எடை 450 கிலோ. இது துல்லியமான எடையன்று; ஆனால் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நாடாவை வைத்து அளந்துவந்தால், எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நம்பிக்கையோடு சொல்லிவிடும்.

எவ்வளவு போடுவது

எடை குறைய வேண்டிய குதிரைக்கு, நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் 1.5 விழுக்காடு உலர்பொருள் என்பது தொடங்குவதற்கு உரிய அளவு. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. உலர்பொருள் என்பது தீவனத்திலுள்ள நீரை நீக்கியபின் எஞ்சுவது. 450 கிலோ குதிரைக்கு அது 6.75 கிலோ, நன்கு காய்ந்த புல்லில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஈரம் இருப்பதால், தராசில் நிறுக்கும்போது 7.5 கிலோ உலர்புல் ஆகிறது.

இந்த 7.5 கிலோ எந்தப் புல் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007-இல் வெளியிட்ட குதிரைத் தீவனக் கணக்கின்படி, வேலை எதுவும் செய்யாத, எளிதில் சதை வைக்கும் 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 13.6 மெகாகலோரி செரிமான ஆற்றல் போதும். முற்றிய புல்லின் உலர்பொருளில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.8 மெகாகலோரி இருக்குமானால், 6.75 கிலோவில் கிடைப்பது 12.2, குதிரை மெல்ல இளைக்கும். ஆல்ஃபால்ஃபா என்றும் அழைக்கப்படும் பயறுவகைத் தீவனமான குதிரைமசாலை, கிலோவுக்கு 2.4 என்று வைத்துக்கொண்டு, அதே அளவு போட்டால் 16.2 ஆகிவிடும், அளவாகப் போடுவதாக உரிமையாளர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே குதிரை பருத்துக்கொண்டிருக்கும்.

ஆகையால் லாயத்தில் வாங்க வேண்டிய முதல் கருவி ஒரு தொங்கு தராசு. ஒரு கைப்பிடி, ஒரு அணை, ஒரு கட்டு என்று அள்ளிப் போடும் அளவுகளை நம்புவதற்கில்லை. இறுக்கமாகக் கட்டிய கட்டும் தளர்வாகக் கட்டிய கட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் எடையில் வெகுவாக வேறுபடும். விலை கூடிய ‘எடை குறைப்பு’த் தீவனப் பைகளுக்குச் செலவிடுவதைக் காட்டிலும், இந்தத் தராசுக்குச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

புல்லின் பெயரை விட அதன் முற்றல்

எந்தப் புல் ஆற்றல் குறைந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகச் சொல்வது சரியாகாது. ஒரே வயலில், ஒரே விதையிலிருந்து வந்த புல், கதிர் வருமுன் அறுத்தால் ஒரு தீவனம். கதிர் முற்றி, தண்டு தடித்தபின் அறுத்தால் வேறொரு தீவனம். முற்ற முற்ற இலையின் பங்கு குறைந்து தண்டின் பங்கு கூடுகிறது. தண்டின் நாரோடு அதை மரம்போல் இறுகச் செய்யும் லிக்னின் என்ற பொருள் பிணைந்து, பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைக்க முடியாத பகுதி பெருகுகிறது. எனவே கிலோவுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. மெல்ல வேண்டிய நேரமோ கூடுகிறது. பால் கறக்கும் மாட்டுக்குத் தேடும் மென்மையான, இலை நிறைந்த, பச்சை மாறாத புல்லையே குதிரைக்கும் தேடுவது இங்கே பொருந்தாது. கையில் அள்ளிப் பிடித்தால் சற்றுக் குத்துவதும், கதிர்கள் கண்ணுக்குத் தெரிவதும், தண்டுகள் வளைக்கும்போது முறிவதுமான புல்லே இந்தக் குதிரைக்கு உரியது. ஆனால் முற்றியது வேறு, கெட்டது வேறு: தூசி பறப்பதையும், பூஞ்சை வாடை அடிப்பதையும், களை கலந்ததையும் ஆற்றல் குறைவு என்ற பெயரில் வாங்கக் கூடாது.

இதற்கு அடுத்த நிலையில்தான் புல்லினம் வருகிறது. திமோத்தி, ஆர்ச்சர்டு, ரைகிராஸ், ஃபெஸ்கியூ போன்ற குளிர்ப் பருவப் புற்கள் மிஞ்சும் சர்க்கரையை ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடராக்கித் தண்டில் சேமிக்கின்றன. அந்தச் சேமிப்புக்குச் செடிக்குள்ளேயே வரம்பு இல்லை என்பதால், வெயிலும் குளிரும் சேர்ந்த நாட்களில் அது வெகுவாக உயரும். இவற்றில் ரைகிராஸ் சர்க்கரைக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட வகைகளைக் கொண்டது. எளிதில் பருக்கும் குதிரைக்கு அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. டெஃப், ரோட்ஸ், அருகம்புல் இனமான பெர்முடா போன்ற வெப்பப் பருவப் புற்கள் மிகுதியை மாவுச்சத்தாக இலையில் சேமிக்கின்றன. இலையின் பசுங்கணிகங்கள் நிரம்பியதும் அந்தச் சேமிப்பு நின்றுவிடுவதால், இவற்றின் சர்க்கரை, மாவுச்சத்து அளவு பொதுவாகக் குறைவாகவே அமைகிறது. நன்கு முற்றவிட்டு அறுத்த திமோத்தியும் டெஃபும் பல குதிரைகளுக்கு மிகப் பொருத்தமாக இருக்கின்றன. மெல்லிய தண்டுள்ள பெர்முடாவைக் குதிரை சரியாக மெல்லாமல் விழுங்கி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அடைப்பு உண்டாக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருப்பதால், அதை மட்டுமே திடீரெனப் போடாமல் வேறொரு புல்லோடு கலந்து, தண்ணீர் தாராளமாக வைத்துக் கொடுப்பது நல்லது.

வெப்பமண்டலப் புற்களிலேயே எச்சரிக்கை தேவைப்படும் வகைகளும் உண்டு. செட்டாரியா, கிக்குயு, கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், நேப்பியர் ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது குடலில் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் இவற்றையே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழந்து, முக எலும்பு புடைத்து, காரணம் தெரியாத நொண்டலுக்கு ஆளாகும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால், மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது குதிரைக்குச் சான்றாகாது. சோளப்பயிர், சூடான் புல் ஆகியவற்றைக் குதிரைக்குப் போடவே கூடாது. அவை சிறுநீர்ப்பையைச் செயலிழக்கச் செய்து, பின்னங்கால்களைத் தள்ளாட வைக்கும் நோய்க்குக் காரணமாகின்றன. தானியக்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்த ஓட்ஸ், பார்லி, கோதுமைப் பயிர்களில் மாவுச்சத்தும் சர்க்கரையும் எதிர்பாராத அளவுக்கு இருக்கும் என்பதால் அவற்றையும் ஒதுக்கிவைக்கலாம்.

சர்க்கரை குறைவு, ஆற்றல் குறைவு: இரண்டும் ஒன்றல்ல

இந்தக் குழப்பத்தால் வீணாகும் முயற்சிகள் பல. குதிரைமசாலில் சர்க்கரையும் மாவுச்சத்தும் பல புற்களை விடக் குறைவு. ஆனால் ஆற்றலும் புரதமும் மிகுதி. சர்க்கரைப்பாகு கலக்காத சர்க்கரைப் பீட் சக்கையும் அவ்வாறே: இன்சுலினை அவ்வளவாக உயர்த்தாது, ஆனால் அதன் நார் மிக எளிதில் செரித்துவிடுவதால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 2.8 மெகாகலோரி வரை கொடுக்கும். மருந்தோ தாதுக்கலவையோ கலந்து கொடுக்க ஒரு கைப்பிடி ஊறவைத்த சக்கையைப் பயன்படுத்தலாம். அதை முதன்மைத் தீவனமாக்குவது எடையைக் கூட்டும். மறுபுறம், ஆற்றல் குறைந்த முற்றிய புல்லிலும் சர்க்கரை மிகுந்திருக்கக்கூடும். பருமன் மட்டுமே உள்ள குதிரைக்கு ஆற்றலைப் பார்த்தால் போதும். இன்சுலின் சீர்கேடோ குளம்பழற்சியோ உள்ள குதிரைக்கு, நீரில் கரையும் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து உலர்பொருளில் 10 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. ஆய்வகச் சோதனை மட்டுமே வழி. ஒரே தொகுதியின் 15 முதல் 20 கட்டுகளில் துளைகருவியால் மையப்பகுதி வரை துளைத்து எடுத்த புல்லை ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டும். மேலாகப் பிடுங்கிய ஒரு பிடி அந்தத் தொகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. முடிவில் உலர்பொருள் அடிப்படையிலான எண்களையே படிக்க வேண்டும். குதிரைக்கான செரிமான ஆற்றலைக் கணக்கிட்டுத் தருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம். மாட்டுக்கான கணக்கு குதிரைக்குப் பொருந்தாது. நடுநிலைச் சலவை நார் (NDF, புல்லின் மொத்தச் செல்சுவர் நார்) 60 முதல் 65 விழுக்காடு வரை இருப்பது இந்தக் குதிரைக்கு ஏற்றது. அதற்கு மிக மேலே போனால் குதிரை தின்ன மறுக்கும். அமிலச் சலவை நார் (ADF, அந்த நாரில் செரிக்கக் கடினமான பகுதி) 45 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் புல்லில் சத்தென்று சொல்ல அதிகம் இருக்காது.

வைக்கோல் கலத்தல்

முற்றிய புல் கிடைக்காதபோது, அல்லது கிடைத்த புல் சத்து மிகுந்ததாக இருக்கும்போது, தானியம் நீக்கிய ஓட்ஸ் அல்லது பார்லி வைக்கோலைக் கலந்து மொத்தத் தீவனத்தின் ஆற்றலைக் குறைக்கலாம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை பெரும்பாலான குதிரைகளுக்குச் சிக்கலின்றிப் பொருந்தும். பற்கள் நன்றாக இருந்து, தண்ணீரும் நன்றாகக் குடிக்கும் குதிரைக்குப் பாதி வரையிலும் போகலாம். கோதுமை வைக்கோல் சற்றுக் கடினமானது. நெல் வைக்கோலில் சிலிக்காவும் ஆக்சலேட்டும் மிகுதியாதலால் அது எனது தேர்வன்று. எந்த வைக்கோலானாலும் கதிரில் தானியம் ஒட்டியிருக்கக் கூடாது. அறுவடைக்கு முன் பயிரை உலர்த்த மருந்து அடிக்கப்பட்டதா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வைக்கோலை மட்டுமே தின்னும் குதிரைகளில் இரைப்பைப் புண்ணும் பெருங்குடல் அடைப்பும் மிகுதியாகக் காணப்படுவதால், அதை ஒருபோதும் தனித் தீவனமாக்கக் கூடாது. முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், சாணம் காய்ந்து உருண்டையாகிறதா என்று நாள்தோறும் பார்ப்பதும் இதோடு சேர்ந்த கடமைகள். கிழக்குதிரைக்கும், முன்பு குடலடைப்பு வந்த குதிரைக்கும் வைக்கோலைத் தவிர்த்துவிடலாம்.

ஊறவைத்தல்

புல்லைத் தண்ணீரில் ஊறவைத்தால் கரையும் சர்க்கரையின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். குளிர்ந்த காலத்தில் 6 முதல் 12 மணி நேரமும், வெயில் காலத்தில் ஒரு மணி நேரமும் என்பது நடைமுறையில் உள்ள அளவு. வெப்பத்தில் நெடுநேரம் ஊறிய புல்லில் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பு வாடை வந்துவிடும். எவ்வளவு சர்க்கரை போகும் என்பது புல்லுக்குப் புல் மிகவும் வேறுபடுவதால், சர்க்கரை மிகுந்த புல்லை ஊறவைத்துப் பாதுகாப்பானதாக ஆக்கிவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. ஊறியதன் மாதிரியை மறுபடி சோதித்தால்தான் உறுதி. சர்க்கரையோடு பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் ஆகியவையும் கரைந்துபோகும். உலர்பொருளே ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். அதனால் காய்ந்த நிலையில் நிறுத்தபின்பே ஊறவைக்க வேண்டும், 7.5 கிலோ போட வேண்டிய குதிரைக்கு 9 முதல் 9.4 கிலோ வரை ஊறவைப்பது சரியாக இருக்கும். இந்தக் கூடுதலைச் சேர்க்க மறந்தால், 1.5 விழுக்காடு என்று நினைத்துக்கொண்டு அதற்கும் கீழே கொடுத்துவிடுவோம். ஊறிய நீரைக் குதிரை குடிக்க விடக் கூடாது. குளத்திலோ ஓடையிலோ கொட்டினால் அந்த நீர்நிலையும் கெடும். ஆவியில் வேகவைக்கும் கருவிகள் தூசியையும் பூஞ்சையையும் அடக்கும், சர்க்கரையைக் குறைக்கா.

நேரத்தை நீட்டுதல்

ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். 7.5 கிலோவும் தடையின்றிக் கிடைத்தால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீதிப் பத்தொன்பது மணி நேரம் குதிரை வெறும் வாயோடு நிற்கும். அதைத் தவிர்க்க, மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலைப்பைகளில் புல்லை அடைத்துத் தொங்கவிடலாம். பழகிய குதிரைக்கு ஒரு வலைக்குள் மற்றொரு வலையாக இரட்டையாகவும் போடலாம். ஒரு நாளின் பங்கை நான்கு ஐந்து வேளைகளாகப் பிரித்து, மிகப் பெரிய பங்கை இரவுக்கு வைத்தால், எந்த இடைவெளியும் நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடியும். லாயத்தின் பல மூலைகளில் வலைகளைப் பிரித்துத் தொங்கவிட்டால் குதிரை சற்று நடக்கவும் செய்யும். லாடம் அடித்த குதிரைக்கு வலையைத் தரையில் வைக்கக் கூடாது, கால் மாட்டிக்கொள்ளும்.

மேய்ச்சல்

நிறுத்துப் போட்ட புல்லின் பயனை எல்லாம் மேய்ச்சல் ஒரு பொழுதில் கெடுத்துவிடும். மூன்று மணி நேரம் மட்டும் மேயவிடுவது கட்டுப்பாடு போலத் தோன்றினாலும், நேரம் குறைவு என்று பழகிய மட்டக்குதிரைகள் அந்த நேரத்துக்குள்ளேயே ஒரு நாளுக்குரிய தீவனத்தின் பெரும்பங்கைத் தின்றுவிடக் கற்றுக்கொள்கின்றன. பின்னங்கழுத்து வரை பருத்த குதிரையை எடை இறங்கும் வரை புல் இல்லாத அடைப்பில் வைத்து, உலர்புல் மட்டும் கொடுப்பதே எளிது. மேயவிட்டே ஆக வேண்டுமென்றால் மேய்ச்சல் வாய்க்கூடை போட வேண்டும். பொருத்தமான வாய்க்கூடை தின்னும் அளவைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் அதைக் கழற்றாமல் நாள் முழுதும் விட்டுவிடக் கூடாது. நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தால் விடியலுக்கு முன்னும் விடிந்த சில மணி நேரமும் நல்லது, ஏனெனில் பகலில் சேர்ந்த சர்க்கரையைப் புல் இரவில் வளர்ச்சிக்குச் செலவிட்டிருக்கும். உறைபனி விழுந்த காலையில் இது பொருந்தாது. குளிரில் வளர்ச்சி நின்று சர்க்கரை அப்படியே தங்கியிருக்கும். கரம்பிய மிகக் குட்டையான புல் பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு: அடித்தண்டில்தான் சேமிப்பு மிகுதி, மண்ணும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

சத்துக் குறையை ஈடுசெய்தல், பின்னர் கண்காணித்தல்

முற்றிய புல்லிலும் வைக்கோலிலும் ஊறிய புல்லிலும் ஆற்றல் மட்டுமல்ல, புரதமும் துத்தநாகமும் தாமிரமும் வைட்டமின் ஈ-யும் குறைவு. இவற்றை ஈடுசெய்யச் சில நூறு கிராம் அளவில் கொடுக்கும், சர்க்கரைப்பாகு சேராத சமநிலைத் தீவன உருண்டைகளோ தாதுக்கலவையோ போதும். உப்பு தனியே வைக்க வேண்டும். தானியத்தையும் தவிட்டையும் முற்றிலும் நிறுத்திவிடலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுக்கும் கேரட்டும் ஆப்பிளும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. ஒரே ஆள் கொடுப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. குளம்பில் வலி இல்லாத குதிரைக்கு, மருத்துவர் ஒப்புக்கொண்டால், நாள்தோறும் வேக நடையும் ஓட்டமும் சேர்த்தால் இன்சுலின் நிலை சீராகும். தீவனத்தைக் கடுமையாக இறுக்க வேண்டிய தேவையும் குறையும்.

முதல் சில வாரங்களில் குடல் கொள்ளளவு மாறுவதால் எடை ஏறி இறங்கும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 விழுக்காடு வரை குறைந்தால் போதுமானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடாவால் அளந்தும், கழுத்தையும் விலாவையும் தடவியும் குறித்துவர வேண்டும். ஆறு வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால், முதலில் தராசின் கணக்கையும், மேய்ச்சலையும், பக்கத்து லாயத்திலிருந்து எட்டித் தின்னும் புல்லையும் சரிபார்த்துவிட்டு, அதன்பிறகே மருத்துவரோடு கலந்து அளவைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும். விரும்பிய எடை வந்ததும் அளவை ஒரே நாளில் உயர்த்தாமல், வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் கூட்டி, எடை நிலைக்கும் இடத்தில் நிறுத்தலாம். புதிய தொகுதிப் புல் வரும்போதெல்லாம் அதைச் சோதனைக்கு அனுப்பி, பழையதோடு கலந்து பத்து முதல் பதினான்கு நாட்களில் மாற்ற வேண்டும். அந்தத் தொகுதியின் ஈரத்துக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப அந்த 7.5 கிலோவையும் மறுபடி கணக்கிட வேண்டும்.